வேலம்மாவுக்கு வந்த ஹாலோவீன்

நாலாம் மாடி, தின்கன்ஜூன், பர்மா
18 அக்டோபர் 2020

முத்து மாமாவுக்கு,

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் தெருவுக்குக் கேட்டுவிடுகிறது. அதனால்தான் மணியை ஆட்டிவிட்டு, கயிற்றுக் கூடையில் இந்தச் சீட்டை இறக்குகிறேன். இது நமக்குள் இருக்கட்டும்.

வருகிற முப்பத்தொன்றாம் தேதி எங்கள் வீட்டில் ஹாலோவீன். முதலில் ராணிக்குத்தான் வந்தது. ஆன்லைன் வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து பிடித்துக்கொண்டாள். இப்போது எனக்கும் தொற்றிவிட்டது, என் மாமியாரைக்கூட விடவில்லை. வெளியே தெரிந்தால் கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பரவும். அப்புறம் வார்டு ஆபீஸ்காரர்கள் படியேறி வருவார்கள்.

எனக்கு வெள்ளை மல் துணி எட்டு கஜம் வேண்டும். தலை முதல் கால்வரை மூடுகிற மாதிரி இருக்க வேண்டும். அத்தைக்கு வெட்டியது போக மிச்சத்தில் ராணிக்குப் பார்த்துக்கொள்கிறேன். மெழுகுவர்த்தி ஒரு கட்டு. கிடைத்தால் பெரிய பரங்கிக்காய் ஒன்று.

அத்தையை ஏன் இரண்டு வாரமாகப் பால்கனியில் காணோம் என்று மாமி கேட்டார்களாம், இரண்டாம் மாடி ருக்சானா சொன்னாள். காரணத்தை எழுதினால் அத்தை என்னை மன்னிக்க மாட்டார். உங்கள் துணிக்கடை அடைத்திருக்கும் நேரத்தில் தொந்தரவு கொடுக்கிறேன்.

தங்கமணி


கீழ்த்தளம்
19 அக்டோபர் 2020

மகள் தங்கமணிக்கு முத்து முகம்மது எழுதுவது.

உன் சீட்டைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். துணி கூடையில் இருக்கிறது. எட்டு கஜம் கேட்டாய், பத்து வைத்திருக்கிறேன். இந்தக் காரியத்துக்குக் காசு வாங்குகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, அதனால் விலையைப் பற்றிப் பேச்செடுக்காதே. பரங்கிக்காயைத் தாகேதாவிலிருந்து வரும் காய்கறி வண்டியில் வாங்கினேன். எதற்கென்று தெரியவில்லை. உங்கள் பக்கத்துச் சடங்காக இருக்கும், நான் கேட்பது முறையல்ல.

இந்த ஹாலோவின் பற்றி டிவியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வழியாகவும் பரவுமென்றால் மனுஷன் எங்கே போய் ஒளிவான்?

உன் அத்தை வேலம்மா அக்கா இந்தக் கட்டடத்துக்கு எங்களுக்கும் முன்னால் வந்தவர். அவரும் உன் மாமி ஹமீதுன்னிசாவும் மூன்று வருசமாகப் பேசிக்கொள்வதில்லை. செடிக்கு ஊற்றிய தண்ணீர் மாடியிலிருந்து வடிந்து, கீழே காயப்போட்ட வடகத்தில் விழுந்ததுதான் விஷயம். அதெல்லாம் இப்போது எதற்கு?

சபாபதிக்குச் சொல்லிவிட்டாயா? கப்பலில் தனியாகக் கிடப்பவன். பெற்ற தாய் விஷயம், பக்குவமாகச் சொல். முப்பத்தொன்று வரைக்கும் வைத்திருப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் முடித்துவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

மனதைத் தளரவிடாதே.

முத்து முகம்மது


நாலாம் மாடி
20 அக்டோபர் 2020

முத்து மாமாவுக்கு,

உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசு என்று தெரியாமல் போயிற்று. டிவியில் சொல்லாவிட்டால் என்ன, பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவரிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பலில் ஊருக்கு வர வழியில்லாமல் கிடக்கிறாரே, வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்றோ. அன்றைக்கு வீடியோவில் வருகிறாராம். அம்மாவை நன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்து என்றார்.

தேதியை மாற்ற முடியாது மாமா. உலகம் முழுவதும் அன்றைக்குத்தான். இந்த வருசம் தடின்ஜுட் பௌர்ணமியும் அதே நாளில் வருகிறது. ஊரெல்லாம் விளக்கேற்றும்போது எங்கள் மெழுகுவர்த்தி யார் கண்ணையும் உறுத்தாது.

துணி அத்தைக்கு அளவாக இருக்கிறது. நேற்றே சுற்றிப் பார்த்துவிட்டோம். முகத்தில் அரிசி மாவு பூசி, கண்ணைச் சுற்றிக் கரி தடவி, கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். ராணிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. அத்தை மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

மாமியிடமும் சொல்ல வேண்டாம்.

தங்கமணி

பி.கு. ஹாலோவின் இல்லை, ஹாலோவீன். நெடில். டியூஷன் பிள்ளைகளுக்குத் திருத்தித் திருத்தி எனக்குக் கை சும்மா இருப்பதில்லை, உங்கள் கடிதத்திலும் சிவப்பில் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.


நாலாம் மாடி
24 அக்டோபர் 2020

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் முத்து முகம்மது அவர்களுக்கு,

இன்று காலையில் எங்கள் கதவைச் சிலர் தட்டினார்கள். உச்சி முதல் உள்ளங்கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, ஒருவர் கையில் மருந்து தெளிக்கும் டப்பா, இருவர் கையில் ஸ்ட்ரெச்சர். திறந்தது அத்தை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ராணி, "அம்மா, ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டாங்க" என்றாள்.

வார்டுத் தொண்டர்கள். இறந்தவர் எந்த அறையில் என்று பர்மியத்தில் விசாரித்தார்கள். யார் இறந்தது என்று அத்தை கேட்டார். அவர்கள் சீட்டைப் பார்த்து, பர்மிய மரியாதையோடு டாவ் வேலம்மா என்று வாசித்தார்கள். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மிகவும் மரியாதையாக, "நான்தான். உள்ளே வாங்க" என்றார். டப்பா வைத்திருந்த பையன் அதை அங்கேயே போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடிவிட்டான்.

உயிரோடு இருக்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகும் அவர்களால் சும்மா திரும்பிப் போக முடியவில்லை. தகவல் பதிவாகிவிட்டதாம். மூன்று பேர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துக்கொண்டார்கள். முடிவு வரும்வரை ராணியையும் அத்தையையும் என்னையும் தனிமை முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். நான் வாசலில் குறுக்கே நின்று கெஞ்சினேன், பிறகு கத்தினேன், பிறகு மறுபடியும் கெஞ்சினேன். கடைசியில் வீட்டிலேயே இருக்கச் சம்மதித்து, மாடிப்படிக்குச் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் காரணமாக இப்போது மாடிகளில் உள்ள ஏழு குடும்பங்களாலும் இறங்க முடியாது.

ருக்சானா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டாள். அவள் மகன் நிஹாலும் ராணியும் தினம் சாயங்காலம் மேலுக்கும் கீழுக்குமாகப் பேசிக்கொள்வார்கள். இன்று ராணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் வரவில்லை. உள்ளே வந்து, "நாம கெட்ட வீடாம்மா?" என்று கேட்டாள்.

ஹாலோவீன் வியாதி இல்லை. பிள்ளைகள் பரங்கிக்காய்க்குக் கண் தோண்டி விளக்கு வைத்து, பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிற விளையாட்டு. அத்தைக்கு ஒரு கேடும் இல்லை. பல்செட் உடைந்துவிட்டது, பல் டாக்டர் கடையை அடைத்திருக்கிறார், பொக்கை வாயோடு பால்கனிக்கு வர வெட்கம். அவ்வளவுதான். இப்போது அதுவும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

தங்கமணி


கீழ்த்தளம்
25 அக்டோபர் 2020

நாலாம் மாடி சயாமா தங்கமணி அவர்களுக்கு,

டீச்சரை இந்த ஊரில் சயாமா என்பார்கள். மகளே என்று எழுத உரிமை இருக்கிறதா தெரியாததால் அப்படி எழுதுகிறேன்.

நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன். அவள் என் மனைவி. அவளும் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னாள். ருக்சானாவும் அப்படியே சத்தியம் செய்கிறாள். இப்படி யாருமே ஒருத்தருக்கு மேல் சொல்லாமல் சேதி வார்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதில் என் குற்றம் எங்கே வருகிறது?

நீங்கள் எழுதியதை நீங்களே படித்துப் பாருங்கள். வெள்ளைத் துணி சுற்றி, மாவு பூசி நாற்காலியில் உட்கார வைத்தோம், பேத்தி சிரித்தாள், மகன் சிரித்தான், சனிக்கிழமை வரை வைத்திருப்போம். படித்த மனுஷன் என்ன நினைப்பான்? துக்கத்தில் உங்களுக்குச் சித்தம் பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் பேய்க்கு ஒரு பண்டிகையாம். ஊர் கிடக்கிற கிடையில் பேய்க்கு நாம் வெற்றிலை பாக்கு வைத்து வேறு அழைக்க வேண்டுமா? மீலாது வருகிறது, பள்ளிவாசல் பூட்டிக் கிடக்கிறது, யாருக்கும் ஒரு கவளம் நெய்ச்சோறு கொடுக்க வழியில்லையே என்று நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் பரங்கிக்காய்க்குக் கண் தோண்டுகிறீர்கள்.

தண்டனை எனக்கும் கிடைத்துவிட்டது. மாடிப்படிக்குத்தான் நாடா, என் வாசல் தெருவில் திறக்கிறது. கட்டடத்திலேயே வெளியே போகக்கூடியவன் நான் ஒருவன்தான். ஏழு வீட்டுக் கயிறும் என் தலைக்கு மேல் தொங்குகின்றன. ஒருவருக்கு மீன், ஒருவருக்குப் பால்மாவு, முதல் மாடிக்காரருக்கு வெற்றிலை, அதுவும் தளிராக. கூடை இறங்கினால் மணி, ஏறத் தாமதித்தால் மணி. உங்கள் மணி எது என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. உப்பும் பருப்பும் வைத்திருக்கிறேன்.

முத்து முகம்மது


நாலாம் மாடி
26 அக்டோபர் 2020

முத்து முகம்மது அவர்களுக்கு,

உப்புக்கும் பருப்புக்கும் நன்றி. மற்றபடி உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இனி வருவது அத்தை கேட்கச் சொன்னது. நான் எழுதிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

தான் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும் கட்டடத்தில் யார் யார் அழுதார்கள்? முதல் மாடியில் அழுதார்களா, அழுத மாதிரி இருந்தார்களா? ருக்சானா எவ்வளவு நேரம் அழுதாள்? கடைசியாக, தனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லையாம், ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறாராம், அந்த வடகக்காரி என்ன சொன்னாள்?

நேற்றிலிருந்து இதே கேள்விதான். விடுங்கள் அத்தை என்றால், "ஜனங்க இதைச் செத்தாத்தான் தெரிஞ்சிக்கணும். எனக்கு உசுரோடயே வாய்ச்சிருக்கு, விடுவேனா?" என்கிறார்.

பேயைக் கூப்பிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூசணிக்காய்க்குக் கண்ணும் மீசையும் வரைந்து வாசலில் தொங்கவிடுகிற ஜாதி நாங்கள். எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ராணி துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். யாரும் வராத வீட்டில் எதற்கு மிட்டாய் என்கிறாள். பால்கனிக்கே போவதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, வீட்டுக்குள் இருந்து இருந்து வெளுத்துவிட்டது. இதை உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மனமில்லை.

தங்கமணி


கீழ்த்தளம்
27 அக்டோபர் 2020

மகள் தங்கமணிக்கு,

வேலம்மா அக்காவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். முதல் மாடியில் யாரும் அழவில்லை. ஐயோ பாவம் என்றார்கள், பிறகு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை இனி யார் கவனிப்பது என்று கேட்டார்கள். ருக்சானா நன்றாகவே அழுதாள், ஆனால் அவள் டிவி சீரியலுக்கும் அப்படித்தான் அழுவாள். நான் கலங்கினேன்.

ஹமீதுன்னிசா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டதும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வந்து, "நான் முந்திப் பேசியிருக்கணும். நாளைக்குப் பேசலாம் நாளைக்குப் பேசலாம்னு மூணு வருசம் ஓட்டிட்டேன்" என்றாள். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன்.

ராணி விஷயம். பிள்ளைகள் படி ஏறி இறங்க முடியாவிட்டால் மிட்டாய் ஏறி இறங்கட்டுமே. எப்படியும் ஏழு கயிறும் என்னிடம்தான் வருகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் செய்ததைக் கூடையில் இறக்கட்டும். நான் கலந்து பங்கு போட்டு எல்லாக் கூடையிலும் ஏற்றுகிறேன். பிள்ளைகள் அவரவர் பால்கனியில் வேஷத்தோடு நிற்கட்டும்.

பேயில் எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பதில் என்ன குறை? மீலாதுக்கு ஊருக்குப் போட முடியாத நெய்ச்சோற்றுக்குப் பதிலாக ஹமீதுன்னிசா தொதல் கிண்டுகிறேன் என்கிறாள். கீழக்கரைத் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டது. ருக்சானாவிடமும் நான் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்று கேட்காதே. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முத்து முகம்மது


நாலாம் மாடி
29 அக்டோபர் 2020

முத்து மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி வரும் இடத்தில் திட்டினார். மாமி வரும் இடத்தில் மறுபடியும் வாசி என்றார். வாசித்தேன். பிறகு, அந்தத் துணியை எடு, கசங்கியிருந்தால் இஸ்திரி போட வேண்டும் என்றார்.

நேற்றுச் சாயங்காலம் நிஹால் பால்கனிக்கு வந்தான். முகக்கவசத்துக்கு மேல் மீசை வரைந்திருந்தான். நீ பேயா, சூனியக்காரியா என்று கீழேயிருந்து கத்தினான். ராணி ஓடிய ஓட்டத்தில் என் காப்பியைத் தட்டிவிட்டாள்.

எங்கள் பங்கு தேங்காய் பர்பி. கூடைகளை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் "மிட்டாயா, மிரட்டலா?" என்று கத்துவார்கள். அது ராணியின் மொழிபெயர்ப்பு. நீங்களும் வேஷம் போட வேண்டும் என்கிறாள். கட்டாயமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கூடையில் ஒரு டீத்தூள் பொட்டலம் இருக்கிறது. தடின்ஜுட்டுக்குப் பெரியவர்களை வணங்கி ஏதாவது கொடுப்பது இந்த ஊர் வழக்கம், அதற்காக. நான் மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தங்கமணி


கீழ்த்தளம்
1 நவம்பர் 2020

மகள் தங்கமணிக்கு,

டீ நன்றாக இருக்கிறது. எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

நேற்று நீ சபாபதிக்குக் காட்டுவதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கீழே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. ஏழு கூடையும் ஒரே நேரத்தில் இறங்கியதில் கயிறுகள் சிக்கிக்கொண்டன. முதல் மாடிக் கயிறு இரண்டாம் மாடி மணியை அடிக்க, இரண்டாம் மாடிக்காரர்கள் இழுக்க, ருக்சானாவின் அல்வா அந்தரத்தில் நின்றது. நான் வேஷம் போடவில்லை. இரண்டு கையிலும் கயிறு இருந்த சமயம் பார்த்து ஹமீதுன்னிசா, ராணி கூடையில் இறக்கியிருந்த பரங்கிக்காய்த் தோலை என் தலையில் கவிழ்த்துவிட்டாள். என்னால் எடுக்க முடியவில்லை. எதிர்க் கட்டடத்துப் பர்மாக்காரர்கள் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் தொண்டர்கள் வந்து சேர்ந்தார்கள். அதே வெள்ளை உடுப்பு. மேலேயிருந்து பிள்ளைகள் பார்த்துவிட்டு, மிட்டாயா மிரட்டலா என்று கத்தினார்கள். எதிர்க் கட்டடத்தில் அதுவும் வேஷம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பிறகு தெரு முழுவதும் தட்டியது. முன்பு ஓடிப்போன பையனும் வந்திருந்தான். என்ன கூட்டம் என்று அவன் அண்ணாந்து பார்த்த நேரம், வேலம்மா அக்கா மெழுகுவர்த்தியோடு பால்கனிக்கு வெளியே குனிந்து, அந்த வாயைத் திறந்து சிரித்தார். பையன் என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குத் தண்ணீர் கொடுத்தோம். முகமூடியைக் கழற்றியபோது தலைமுடி மழையில் நனைந்த மாதிரி ஒட்டியிருந்தது. சின்னப் பிள்ளை. தொதலை ஒரு துண்டு எடுத்தான், பிறகு இன்னொன்று. தாங்கள் தெருவுக்குள் வந்தாலே ஜனங்கள் கதவைச் சாத்துகிறார்கள், யாரும் கை தட்டி இதுவரை பார்த்ததில்லை என்று பர்மியத்தில் சொன்னான். அதன் பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்து சீட்டை எடுத்தான். உங்கள் மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. நாளைக் காலையில் நாடாவை அவிழ்த்துவிடுவார்கள். நான் இதைக் கத்திச் சொன்னதைத்தான் நீ கேட்டிருப்பாய்.

நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. அக்கா குனிந்தபோது ஹமீதுன்னிசா பதறிப்போய், "அக்கா, பாத்து, விழுந்துடாதீங்க" என்றாள். அக்கா, "விழுந்தா உன் வடகத்து மேலதான் விழுவேன்" என்றார். மூன்று வருசத்துக்குப் பிறகு பேசியது இவ்வளவுதான். ஆனால் நேற்று அவள் தூங்கப் போகும் வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உன் ஹாலோவீன் மோசமில்லை. நெடில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

முத்து முகம்மது


நாலாம் மாடி
1 நவம்பர் 2020, மாலை

முத்து மாமாவுக்கு,

அவர் போனிலேயே அழுதுவிட்டார். அம்மா இப்படிச் சிரித்து அப்பா காலத்துக்குப் பிறகு பார்க்கவில்லையாம். ராணி வேஷத்தைக் கழற்ற மாட்டேன் என்று அப்படியே தூங்கினாள்.

இனி அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"ஹமீதுன்னிசாவுக்கு. நான் நிஜமாகச் சாகும்போது நீ அழ வேண்டியதில்லை. உன் பங்கை முன்கூட்டியே அழுதுவிட்டாய் என்று உன் புருஷன் எழுதியிருக்கிறார். அவர் சொன்னதற்காக அவரைத் திட்டாதே. நாளைக்குப் படி திறந்ததும் மேலே வா. முழங்கால் முடியாது என்று தெரியும். நீ இரண்டு மாடி ஏறு, நான் இரண்டு மாடி இறங்குகிறேன். நடுவில் ருக்சானா வீட்டு வாசலில் உட்காரலாம். தொதல் மிச்சமிருந்தால் கொண்டு வா. இல்லாவிட்டாலும் வா."

இதில் நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

தங்கமணி


கீழ்த்தளம்
2 நவம்பர் 2020

மகள் தங்கமணிக்கு,

காலையில் நாடாவை அவிழ்த்ததும் ஹமீதுன்னிசா கையில் பாத்திரத்தோடு ஏறினாள். மேலேயிருந்து வேலம்மா அக்கா ஒவ்வொரு படியாக இறங்கினார். ருக்சானா ஆளுக்கொரு முக்காலி போட்டிருந்தாள்.

ஆறடி இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. முதல் மாடிக்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெற்றிலை போடுகிறார். மூன்று வருசக் கதை இப்போது கட்டடத்துக்கே தெரியும். அதில் பாதிக்கு மேல் என்னைப் பற்றியது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. என் வீட்டில் அடுப்பு பற்றவில்லை. உன் வீட்டில் ஏதாவது இருந்தால் கூடையில் இறக்கு. இரண்டு தடவை படியேறிப் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஹமீதுன்னிசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலம்மா அக்காதான் பதில் சொன்னார்.

"போங்க தம்பி. இப்பத்தான் உங்க கல்யாணம் வரைக்கும் வந்திருக்கோம்."

முத்து முகம்மது